தூது ஆர்.என்.ஏ.வின் மடிப்பும் முத்துச்சிப்பியின் இரும்பும்

பன்னிரண்டாம் வகுப்பில் மூலக்கூறு மரபியல் பாடம் நடத்தும் நாம் எல்லோரும் கரும்பலகையில் ஒரே மாதிரிதான் வரைகிறோம். மேலே முறுக்கேணியாக டி.என்.ஏ. அதன் கீழே நீளமாக ஒரு நேர்கோடு, அது தூது ஆர்.என்.ஏ. அந்தக் கோட்டின் மேல் இட்லியைப் போல ஒரு ரைபோசோம். நானும் பல ஆண்டுகள் அப்படியே வரைந்தேன். எங்கள் பள்ளி தூத்துக்குடிக் கடற்கரையை ஒட்டியது. சங்குகுளிக்கப் போகிறவர்கள், வலை இழுப்பவர்கள், துறைமுகத்தில் சுமை ஏற்றுபவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவி அந்த நேர்கோட்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "தங்கூசியத் தளர விட்டா அதுவா முறுக்கிக்கிடும்லா சார், இது மட்டும் எப்படி நேரா நிக்கி?"

படத்துக்காக அப்படி வரைகிறோம் என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். பதில் தவறில்லை, ஆனால் கேள்வியை மூடிவிடுகிற பதில். வீட்டுக்குப் போன பிறகுதான் உறைத்தது. கடத்து ஆர்.என்.ஏ.வை மட்டும் குளோவர் இலை வடிவில் மடித்து வரைகிறோம். தூது ஆர்.என்.ஏ.வும் அதே பொருளால் ஆன ஒற்றை இழைதான். அது மட்டும் ஏன் மடியாமல் இருக்க வேண்டும்?

அது மடியத்தான் செய்கிறது. டி.என்.ஏ.வில் ஓர் இழையின் காரங்கள் எதிர் இழையின் காரங்களோடு இணைகின்றன. தூது ஆர்.என்.ஏ.வுக்கு எதிர் இழை கிடையாது. ஆகவே அதன் அடினைன் அதே இழையில் வேறோர் இடத்தில் இருக்கும் யுராசிலைத் தேடிப் பிடிக்கிறது. குவானைன் அதே போல ஒரு சைட்டோசைனைப் பிடிக்கிறது. இப்படி இழை தன் மேலேயே மடிந்து, ஒரு தண்டும் அதன் உச்சியில் ஒரு வளையமுமாக நிற்கிறது. கொல்லிமலைச் சாலையின் கொண்டை ஊசி வளைவை நினைத்துக்கொள்ளலாம். உயிரியலாளர்களும் இதைக் கொண்டை ஊசி என்றே சொல்கிறார்கள். எழுத்துகளின் வரிசை முதல்நிலை அமைப்பு; இந்த மடிப்புகள் இரண்டாம் நிலை அமைப்பு.

மடிந்தால் என்ன, எழுத்துகள் அதேதானே என்று தோன்றும். ரைபோசோம் அந்த எழுத்துகளைப் படிக்க வேண்டுமானால் இழை விரிந்திருக்க வேண்டும். மடிந்த இடத்தைப் பிரித்துத்தான் உள்ளே போக முடியும். நம் செல்களில் சிக்கெடுப்பதற்கென்றே நொதிகள் உண்டு. அவற்றாலும் எல்லாச் சிக்கையும் எடுக்க முடிவதில்லை. 1986-இல் மரிலின் கோசாக் என்ற அமெரிக்க ஆய்வாளர், இன்சுலின் முன்னோடிப் புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வின் தொடக்கப் பகுதியில் செயற்கையாகக் கொண்டை ஊசிகளைப் புகுத்திப் பார்த்தார். ஒரு மோலுக்கு 30 கிலோகலோரி அளவு உறுதி கொண்ட மடிப்பை ரைபோசோம் சமாளித்துக்கொண்டது. 50 கிலோகலோரி அளவுக்கு உறுதியான மடிப்பு புரத உற்பத்தியை 85 முதல் 95 விழுக்காடு வரை குறைத்துவிட்டது.

2009-இல் வந்த இன்னொரு சோதனை இதைவிடத் தெளிவானது. மிளிரும் பச்சைப் புரதத்தின் மரபணுவை 154 விதமாக எழுதி ஈ.கோலை பாக்டீரியாவில் வைத்தார்கள். ஓர் அமினோ அமிலத்துக்குப் பல குறியீடுகள் உண்டு என்பதால் இது சாத்தியம். 154-இலிருந்தும் கிடைப்பது எழுத்துக்கு எழுத்து ஒரே புரதம். ஆனால் கிடைத்த அளவில் 250 மடங்கு வரை வேறுபாடு! அந்த வேறுபாட்டில் பாதிக்கு மேல், தொடக்கக் குறியீட்டை ஒட்டிய பகுதி எவ்வளவு இறுக்கமாக மடிந்திருந்தது என்பதைக் கொண்டே விளக்க முடிந்தது. ‘மௌன மாற்றம்’ என்று நாம் பாடத்தில் சொல்லிக்கொடுக்கும் மாற்றங்கள் எப்போதும் மௌனமாக இருப்பதில்லை என்பதை இந்த இடத்தில் மாணவர்களுக்குச் சொல்லலாம்.

இவை ஆய்வுக்கூடத்தில் செய்து பார்த்தவை. இயற்கை இந்த மடிப்பைத் தானே பயன்படுத்துகிறதா என்று தேடியபோது விடை எங்கள் கடலிலேயே இருந்தது.

இந்தக் கரைக்கு முத்துக்குளித்துறை என்று பெயர். மன்னார் வளைகுடாவின் ‘பார்’களில் வாழும் முத்துச்சிப்பியின் அறிவியல் பெயர் பிங்க்டாடா ஃபுகாட்டா. 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளோடு இங்கு பெரிய முத்துக்குளிப்பு நின்றுபோனது. எங்கள் பிள்ளைகளின் தாத்தாக்களுக்கு அது நினைவு, பிள்ளைகளுக்கு அது கதை. 1973-இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் தூத்துக்குடி அருகே வேப்பலோடையில் இதே சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். சிப்பி ஓட்டிலிருந்து கடைந்த ஒரு சிறு மணியையும், இன்னொரு சிப்பியின் மேன்டில் திசுவில் வெட்டிய ஒரு துண்டையும் சேர்த்துச் சிப்பிக்குள் வைப்பார்கள். மேன்டில் என்பது ஓட்டின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் போர்வை. அந்தத் துண்டின் செல்கள் பெருகி மணியைச் சுற்றிப் பையாக வளர்ந்து, அதன் மேல் முத்துப்படலத்தைப் பூசுகின்றன. மணியை மட்டும் வைத்தால் போதாது. சிப்பியின் எல்லாச் செல்லிலும் அதே டி.என்.ஏ.தான் இருக்கிறது, ஆனால் முத்துப்படலம் பூசுவதற்கான மரபணுக்களை வெளிப்படுத்துவது மேன்டில் செல்தான். மரபணு வெளிப்பாடு என்றால் என்ன என்பதற்கு லாக் ஒப்பெரானைக் காட்டிலும் எங்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமான எடுத்துக்காட்டு இது.

அந்த மேன்டிலில் அதிகமாக வெளிப்படும் ஒரு மரபணுவை 2003-இல் சீன ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அது ஃபெரிட்டின். இரும்பைச் சேமிக்கும் புரதம். 24 துணை அலகுகள் கூடி உள்ளீடற்ற ஒரு பந்தாக நிற்கும்; ஒரு பந்துக்குள் சுமார் 4,500 இரும்பு அணுக்கள் வரை அடங்கும். ஓட்டுக்குள் உலோகம் சேர்வதில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. சிப்பியின் ஃபெரிட்டின் தூது ஆர்.என்.ஏ.வில், புரதத்துக்கான எழுத்துகள் தொடங்கும் முன்பே, ஒரு கொண்டை ஊசிக்கான வரிசை இருந்தது. மனிதனின் ஃபெரிட்டின் தூது ஆர்.என்.ஏ.விலும் அதே இடத்தில் அதே வகைக் கொண்டை ஊசி உண்டு. நத்தை, மட்டி இனமும் முதுகெலும்பிகளும் பிரிந்து ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்த மடிப்பு இரு பக்கமும் நிலைத்திருக்கிறது.

அதற்கு இரும்பு அனுகூல உறுப்பு, இரும்புக்கு இசையும் உறுப்பு என்றெல்லாம் மொழிபெயர்க்கலாம். வகுப்பில் நான் ‘இரும்பு மடிப்பு’ என்றே சொல்கிறேன். அது வேலை செய்யும் விதம் இப்படி. செல்லில் இரும்பு குறைவாக இருக்கும்போது ஒரு புரதம் வந்து அந்த மடிப்பைக் கவ்விக்கொள்கிறது. பெயர், இரும்பு ஒழுங்குபடுத்தும் புரதம். பிள்ளைகளுக்கு ‘காவல் புரதம்’. மடிப்பு மட்டும் தனியாக இருந்தால் ரைபோசோம் அதைச் சமாளித்துவிடும். காவல் புரதம் கவ்வியபின் ரைபோசோமின் சிறிய துணை அலகு ஆர்.என்.ஏ.வில் ஏறவே முடியாது. ஃபெரிட்டின் உருவாவதில்லை. இருக்கும் கொஞ்ச இரும்பையும் பெட்டியில் பூட்டிவைத்தால் செல் என்ன செய்யும்? இரும்பு மிகும்போது காவல் புரதம் மடிப்பை விட்டு விலகுகிறது, ரைபோசோம் ஏறுகிறது, ஃபெரிட்டின் குவிகிறது. மிகுதி இரும்பைத் திறந்து வைத்திருப்பதும் ஆபத்து. அது ஹைட்ரஜன் பெராக்சைடோடு வினைபுரிந்து டி.என்.ஏ.வையும் செல் சவ்வையும் தாக்கும் தனி உறுப்புகளை உண்டாக்கும்.

இரும்பு வந்திருப்பது காவல் புரதத்துக்கு எப்படித் தெரியும்? பதினொன்றாம் வகுப்பில் கிரப்ஸ் சுழற்சி நடத்தும் ஆசிரியர்களுக்கு இந்த இடம் பிடிக்கும். காவல் புரதம் இரண்டு வகை. முதலாவது வகை, இரும்பு கிடைக்கும்போது நான்கு இரும்பும் நான்கு கந்தகமும் கொண்ட ஒரு தொகுப்பைத் தன்னுள் ஏற்று, சிட்ரேட்டை ஐசோசிட்ரேட்டாக மாற்றும் அகோனிடேஸ் நொதியாகவே மாறிவிடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவில் நாம் சொல்லிக்கொடுக்கும் அகோனிடேஸின் சைட்டோபிளாச உறவினர் அது. நொதியாக இருக்கும்போது ஆர்.என்.ஏ.வைப் பிடிக்க அதற்குக் கை இல்லை. இரும்பு தீர்ந்தால் தொகுப்பு கழன்று, மறுபடி காவலுக்கு வருகிறது. இரண்டாவது வகை, இரும்பு மிகும்போது சிதைக்கப்பட்டுவிடுகிறது.

இதே மடிப்பு இன்னோர் இடத்திலும் இருக்கிறது. இரும்பைச் செல்லுக்குள் இழுத்து வரும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியின் தூது ஆர்.என்.ஏ.வில், தலைப் பக்கம் அல்ல, வால் பக்கம் ஐந்து மடிப்புகள். அங்கே காவல் புரதம் உட்கார்ந்தால் ரைபோசோமுக்குத் தடையில்லை, ஆர்.என்.ஏ.வை வெட்டிச் சிதைக்க வரும் நொதிகளுக்குத்தான் தடை. ஆகவே இரும்பு குறைந்த நேரத்தில் ஃபெரிட்டின் நிற்கிறது, ஏற்பி கூடுகிறது. மடிப்பு ஒன்றுதான், காவல் ஒன்றுதான், இருக்கும் இடம் மாறியதால் விளைவு நேர்எதிர். என் வகுப்பில் இதைப் புரியவைக்க இரண்டு நாள் ஆனது. முதல் நாள் தலையையும் வாலையும் நானே மாற்றிச் சொல்லிக் குழப்பியதும் ஒரு காரணம்.

இது எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மடிப்பைப் பார்ப்பதற்கு முன்பே அது இருந்தாக வேண்டும் என்று சிலர் ஊகித்தார்கள். 1960-களில், படியெடுத்தலை நிறுத்தும் ஆக்டினோமைசின் மருந்தை எலிகளுக்குக் கொடுத்துவிட்டு இரும்பையும் கொடுத்தார்கள். புதிதாகத் தூது ஆர்.என்.ஏ. உருவாக வழியில்லை. இருந்தும் கல்லீரலில் ஃபெரிட்டின் கூடியது. அப்படியானால் தூது ஆர்.என்.ஏ. ஏற்கெனவே செல்லில் தயாராகக் காத்திருந்திருக்க வேண்டும். 1976-இல் ஸாரிங்கர், பாலிகா, மன்றோ ஆகிய மூவரும் இதை ஒரு கருத்தாக முன்வைத்தார்கள்: ஃபெரிட்டின் தூது ஆர்.என்.ஏ.வை ஏதோ ஒரு புரதம் பிடித்து நிறுத்தியிருக்கிறது, இரும்பு வந்ததும் விடுவிக்கிறது. மடிப்பு இருக்கும் பகுதி 1987-இல்தான் அடையாளம் காணப்பட்டது. மரபணுவைத் திறந்து, படியெடுத்து, உட்கருவிலிருந்து வெளியே அனுப்பும் நேரம் எல்லாம் இந்த ஏற்பாட்டில் மிச்சம்.

காவல் புரதம் கூட இல்லாமல், மடிப்பே உணர்கருவியாக இருப்பதும் உண்டு. காலரா பாக்டீரியா உப்பும் நன்னீரும் கலக்கும் கழிமுகங்களில் வாழக்கூடியது. அதன் நோய்த்தன்மையை இயக்கும் ஒரு புரதத்துக்கான தூது ஆர்.என்.ஏ.வில், ரைபோசோம் ஏறும் இடம் ஒரு மடிப்புக்குள் ஒளிந்திருக்கிறது. மனிதக் குடலின் 37 டிகிரி வெப்பத்தில் அந்த மடிப்பு தளர்ந்து திறக்கிறது. 2014-இல் வெளியான செய்தி இது. ஆர்.என்.ஏ. வெப்பமானி என்று பெயர்.

இனி வகுப்பில் நான் செய்த காகிதப் பட்டைக்கு வருகிறேன். செலவில்லாதது, ஒன்பதாம் வகுப்பிலும் செய்யலாம். 32 செ.மீ. நீளப் பட்டையில் 2 செ.மீ.க்கு ஒன்றாக 16 கட்டங்கள். அடினைனுக்கு அ, யுராசிலுக்கு யு, குவானைனுக்குக் கு, சைட்டோசைனுக்குச் சை. மனித ஃபெரிட்டின் மடிப்பின் மேல்பகுதியை அப்படியே எழுதச் சொன்னேன்: யு, யு, சை, அ, அ, சை, அ, கு, யு, கு, சை, யு, யு, கு, கு, அ. பிறகு முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் எதிரெதிரே வரும்படி பட்டையை வளைத்து, முதல் ஐந்தையும் கடைசி ஐந்தையும் ஜோடி சேர்க்க வேண்டும். நடுவில் ஆறு எழுத்துகள் வளையமாக நிற்கும்.

பட்டையை வளைத்த இரண்டு நிமிடத்தில் பின் பெஞ்சிலிருந்து குரல் வந்தது, "சார், தப்பா எழுதிப் போட்டுட்டீங்க." இரண்டாவது எழுத்து யு, அதற்கு எதிரே பதினைந்தாவது எழுத்து கு. புத்தகத்தில் இல்லாத ஜோடி. தப்பு இல்லை. ஆர்.என்.ஏ.வில் யுராசிலும் குவானைனும் சற்றுத் தளர்வாக இணைய முடியும். கடத்து ஆர்.என்.ஏ. குறியீட்டைப் படிக்கும்போது மூன்றாம் எழுத்தில் நடக்கும் தள்ளாட்ட இணைவும் இதுவே. நீங்கள் இந்தப் பட்டையைச் செய்தால் அந்த ஜோடியை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவர்களே பிடிக்கட்டும்.

அடுத்து வளையத்தைப் பார்க்கச் சொன்னேன். வளையத்தின் முதல் எழுத்தான சை, ஐந்தாவது எழுத்தான கு-வோடு குறுக்கே கைகோக்கிறது. அதனால் நடுவில் உள்ள அ, கு, யு மூன்றும் வெளியே துருத்தி நிற்கின்றன. காவல் புரதம் பிடிப்பதற்கான கைப்பிடி அதில் இருக்கிறது. இப்போது அந்த அ-வை அழித்துவிட்டுக் கு என்று எழுதுங்கள் என்றேன். பட்டை முன்போலவே மடிகிறது, ஜோடிகள் எதுவும் கலையவில்லை. ஒன்றும் ஆகாது என்றது வகுப்பு.

1995-இல் பிரான்சில் ஒரு குடும்பத்தில் கண்டறியப்பட்டது அந்த ஒற்றை எழுத்து மாற்றம்தான். ஃபெரிட்டினின் இன்னொரு துணை அலகுக்கான மரபணுவில், இதே வளையத்தில், இதே இடத்தில். அதே ஆண்டில் இத்தாலியக் குடும்பம் ஒன்றில் அடுத்த எழுத்து மாறியிருந்தது. ஃபெரிட்டின் புரதத்தின் ஓர் அமினோ அமிலம் கூட மாறவில்லை. காவல் புரதத்தால் மடிப்பைச் சரியாகப் பிடிக்க முடியாததால், இரும்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபெரிட்டின் உருவாகிக்கொண்டே இருந்தது. அது கண்ணின் வில்லையில் படிந்து, முதுமையில் வர வேண்டிய கண்புரை இளவயதிலேயே வந்தது. தண்டுப் பகுதியின் எழுத்துகள் மாறி மடிப்பே தளர்ந்துபோன குடும்பங்களும் பிறகு தெரியவந்தன. இவர்களின் இரத்தத்தில் ஃபெரிட்டின் மிக அதிகமாக இருப்பதைப் பார்த்து, உடலில் இரும்பு மிகுந்துவிட்டது என்று கருதி இரத்தத்தை எடுத்து எடுத்து, கடைசியில் சிலருக்கு இரத்தசோகை வந்ததும் உண்டு. இரும்பு மிகவில்லை. பெட்டி மட்டுமே மிகுந்திருந்தது.

இரத்தசோகை என்ற சொல் வந்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு. காரணம் எனக்குத் தெரியும். வாரம் ஒருமுறை பள்ளியில் தரும் நீல நிற இரும்புச்சத்து, ஃபோலிக் அமில மாத்திரைகள் குப்பைக்கூடையில் கிடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஜன்னல் கம்பிக்கு வெளியே மணலிலும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது. காலை வழிபாட்டில் மயங்கி விழுகிறவர்களைத் தாங்கிப் பிடிக்கும் நமக்கு அந்த எண்ணைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மாத்திரையை ஏன் விழுங்க வேண்டும் என்று கேட்டால், அரசு தருகிறது, உடம்புக்கு நல்லது என்பதைத் தாண்டி நான் எதுவும் சொன்னதில்லை.

தங்கூசியைப் பற்றிக் கேட்ட அதே மாணவி எழுந்தாள். "வாரத்துக்கு ஒண்ணுதான தாரீங்க சார். மத்த ஆறு நாளும் அந்த இரும்பு எங்க இருக்கும்?"

பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு பதில் சொன்னேன். இரும்பு முதலில் சேர்வது குடல் சுவரின் செல்லுக்குள். அங்கே இரும்பு கூடியதும் மடிப்பை விட்டுக் காவல் விலகி, ஃபெரிட்டின் உருவாகி, ஒரு பகுதி இரும்பு அங்கேயே பூட்டப்படும். மீதி இரத்தத்துக்குப் போய் எலும்பு மஜ்ஜையில் ஹீமோகுளோபினாகும், எஞ்சியது கல்லீரலில் ஃபெரிட்டினுக்குள் இருப்பாக நிற்கும். குடல் செல்களுக்கு ஆயுள் சில நாள்கள்தான். அவை உதிரும்போது பூட்டிய இரும்பும் உதிர்ந்துவிடும். ஏற்கெனவே இரும்பு நிறைந்த செல்லுக்கு மறுபடி மறுபடி கொடுப்பதைவிட, புதிய செல்கள் வந்தபின் கொடுத்தால் உறிஞ்சுவது கூடும் என்பது வாரம் ஒருமுறை என்ற யோசனைக்கு ஒரு காரணம். ஆய்வகத்தில் இரத்த ஃபெரிட்டினை அளப்பதும் இந்த இருப்பை அறியத்தான். வேறு தொற்றோ காய்ச்சலோ இல்லாதபோது, லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைபாடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே இந்த இருப்பு கரைந்துவிடும்.

பிறகு அவர்கள் கேட்டவை எல்லாம் வேறு வகை. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது என்றார்கள். மலம் கறுப்பாகப் போகிறதே, ஏதாவது ஆகுமா என்று ஒருத்தி தோழியின் காதில் சொல்ல, தோழி என்னிடம் கேட்டாள். ஒன்றும் ஆகாது, உறிஞ்சப்படாத இரும்பின் நிறம் அது என்றேன். டீ குடித்த கையோடு போடக்கூடாது என்பதை அவர்கள் அறிந்திருக்கவில்லை. எலுமிச்சையும் நெல்லிக்காயும் உறிஞ்சுவதைக் கூட்டும் என்பதைப் பாதிப் பேர் அறிந்திருந்தார்கள். இத்தனையும் மாத்திரை அட்டையோடு நாம் சொல்ல வேண்டியவை. கொண்டை ஊசி வழியாகச் சுற்றி வந்துதான் என்னால் சொல்ல முடிந்தது.

இப்போது எங்கள் பள்ளியில் மாத்திரையை மதிய உணவுக்குப் பிறகு தருகிறோம். கரும்பலகையில் தூது ஆர்.என்.ஏ.வின் கோட்டை இழுக்கும்போது, தொடக்கக் குறியீட்டுக்கு முன்னால் ஒரு சிறு கொண்டை ஊசியையும் சேர்த்து வரைகிறேன்.